மெர்சி அடைத்த ஓட்டை

செய்தி வந்தபோது ஆய்வகத்தில் வெற்றிடப் பம்பு ஓடிக்கொண்டிருந்தது. தொலைபேசியில் மெர்சியின் தம்பி. "அக்கா போயிட்டா." நோய் என்று தெரியும். இவ்வளவு சீக்கிரம் என்று தெரியாது. பம்பை நிறுத்தவில்லை. பாதியில் நிறுத்தினால் அவளுக்குப் பிடிக்காது.

அவளோடு வேலை செய்த நம் எல்லோருக்கும் அந்தச் சிரிப்பு தெரியும். சிரித்துவிட்டுத்தான் காரணம் சொல்வாள்.

நானும் அவளும் ஒரே காலத்தில் ஆய்வுக்குச் சேர்ந்தவர்கள். காற்றை வெளியேற்றிய கலத்துக்குள் இரும்பும் கோபால்ட்டும் கலந்த உலோகத்தைக் கண்ணாடித் துண்டின் மேல் மெல்லிய படலமாகப் படியவைப்போம். காந்தப்புலத்தைத் திருப்பினால் படலமும் சிரமமில்லாமல் கூடவே திரும்ப வேண்டும். மெர்சியின் படலங்கள் திரும்பின. அவளுடைய முனைவர் பட்டமே அவற்றை நம்பித்தான் இருந்தது.

ஒருநாள் கலத்தில் கசிவு கண்டுபிடித்தோம். கதவின் ரப்பர் வளையத்தில் மயிரிழை வெடிப்பு. வெளிக்காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது.

"பெரியதாழைக் கடக்கரையில வள்ளத்து ஓட்டையவே அடைக்கிற வீட்டுப் பிள்ள நான். இதெல்லாம் ஒரு ஓட்டையா?" என்றாள் மெர்சி.

வளையத்தை மாற்றினாள். மக்ரூன் வாங்கிக் கொண்டாடினோம்.

அதன் பிறகு வந்த படலங்கள் காந்தப்புலத்தோடு திரும்ப முரண்டு பிடித்தன. கலம் சுத்தமாகச் சுத்தமாக, பிடிவாதம் கூடியது.

பட்டக் குழுவின் முன் அவள் பேச வேண்டிய நாள் நெருங்கியது. "பழைய வளையத்தையே மாட்டிரு. யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன்.

"அப்போ டாக்டர் பட்டத்த அந்த ரப்பருக்குல்லா குடுக்கணும்?"

வெளிக்காற்றில் எது காரணம் என்று தேடினாள். ஆக்சிஜனை மட்டும் விட்டுப் பார்த்தாள். இல்லை. நீராவி. இல்லை. படலம் படியவைக்கக் கலத்துக்குள் விடும் ஆர்கான் வாயுவோடு மிகக் கொஞ்சம் நைட்ரஜன். படலத்தின் துகள்கள் பொடிசாகின. காந்தம் இலகுவாகத் திரும்பியது. நைட்ரஜனை அளவுக்கு மேல் கூட்டினால் காந்தத்தன்மையே மங்கியது.

"ஏளா, இங்கன வந்து பாரு! நல்ல விருந்தாளிய நாமளே வெளிய தள்ளிக் கதவடைச்சிருக்கோம்!" கூடம் முழுக்கக் கேட்டது.

குழுவின் முன் அவள் சொன்ன முதல் வாக்கியம்: "எங்க சேம்பர்ல ஓட்டை இருந்துச்சு சார். அதனாலதான் நல்லா வந்துச்சு." தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். பட்டம் கிடைத்தது.

அடக்கத்தன்று அவள் அப்பாவிடம் இதைச் சொன்னேன். அழுதுகொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். "சின்னதுலயே அப்படித்தாம்மா. அடைக்கச் சொன்னா அடைச்சிருவா. பொறவு, ஏன் அடைச்சோம்னு கேப்பா."

"கெட்டுப்போனா எல்லாரும் காரணம் தேடுதாவ. நல்லா வந்தா யாரு தேடுதா?" என்பாள் மெர்சி. அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்தக் கேள்வி.

நேற்று ஒரு படலம் அருமையாக வந்தது. சந்தோஷமாகச் சந்தேகப்பட்டேன்.