நைனாவை நான் உட்காரவைத்த கதை

திருப்பதி மருத்துவமனைத் தாழ்வாரத்தில் என் நைனாவைச் சக்கர நாற்காலியில் வைத்துக்கொண்டு நான் அழுதுகொண்டிருந்தேன். அவர் இட்லி தின்றுகொண்டிருந்தார். நோயாளி யார் என்று செவிலியருக்கே சந்தேகம் வந்தது.

முந்தின நாள், சத்தியவேடு பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டில், சாப்பிட்ட தட்டின் முன்னாலிருந்து அவரால் எழ முடியவில்லை. பக்கவாதம் என்று நானே முடிவு கட்டி, பங்காளிகளுக்கெல்லாம் போன் போட்டேன். சென்னையில் ஒரு சித்தப்பா மாலை வாங்கிக்கொண்டே கிளம்பிவிட்டாராம்.

படம் எடுத்துப் பார்த்தார்கள். மூளை சரி, எலும்பும் சரி. பிறகு தெலுங்குக்காரரான இயன்முறை மருத்துவர் (பயிற்சியால் உடம்பைத் தேற்றுபவர்) ஒரு படிவத்தோடு வந்தார்.

"தானா குளிப்பாரா?"

"நான் ஊத்துவேன் சார்."

"செருப்பு?"

"என் பொண்டாட்டி மாட்டி வுடுவா."

"கீழ விழுந்தத எடுப்பாரா?"

"எடுக்க வுடுவமா சார்!"

பரீட்சையில் முதலாவதாக வந்தவனைப் போல நிமிர்ந்து நின்றேன்.

துணைக்கு வந்திருந்தவர் போலய்யா, யானாதிப் பழங்குடிக் குடியிருப்புக்காரர். நைனாவோடு ஒரே வயலில் கூலி வேலை செய்தவர், வயதும் அதேதான். மருத்துவர் அவரையும் கேட்டார்.

"நேனே சாமி, நானேதான். எனக்கு எவுரு ஊத்துவாரு? ஏரில எறங்கி மீனே புடிக்கிறேன்."

"அவுங்க ரத்தமே கெட்டியா சார்?" என்றேன்.

"ரத்தம் இல்ல. அவர யாரும் ஒக்கார வெக்கல. உங்க நைனாவுக்குத் தசை இளைப்பு (வேலையில்லாத தசை மெலிந்து வலுவிழப்பது). இப்பிடியே வுட்டா படுக்கைதான்."

நைனா ஊரார் நிலத்தில் குனிந்தே கிடந்தவர். எங்கள் ஊர்ப்பக்கத்து ஸ்ரீ சிட்டியில் தொழிற்சாலைகள் வந்து எனக்குச் சம்பளம் கிடைத்த அன்று, இனி நீ எதற்கும் குனியக் கூடாது என்றேன். கூலிக்காரர் பிள்ளைகள் பலரும் அப்படித்தான் சொன்னோம். போலய்யாவின் பிள்ளைகளுக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. அவருடைய உறுதிக்குப் பின்னால் ஒரு நாள் ஓய்வுகூட இல்லை என்பதும் அந்த மருத்துவமனையில்தான் எனக்கு உறைத்தது.

உங்கள் வீட்டிலும் ஒருவரை இப்படித் தாங்கி வைத்திருந்தால் ஒன்று சொல்கிறேன். மருத்துவர் சொல்லிக்கொடுத்த பயிற்சி பெரிய பாடில்லை. கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பதுதான் பாடு. நைனா சுவரைப் பிடித்து எழும்போதெல்லாம் நான் "ஐயோ" என்று கத்துவேன். அதில் திடுக்கிட்டே இரண்டு முறை விழப்பார்த்தார்.

"டேய், நீ வெளிய போடா. நான் எழுந்துக்கிறேன்."

மூன்றாம் மாதம் தனியாகக் குளிக்கப் போனார். நான் ஊற்றினால் ஐந்து நிமிடம். கதவுக்கு வெளியே காது வைத்து நின்றேன். ஒரு சொம்புத் தண்ணீருக்கும் அடுத்த சொம்புக்கும் நடுவே எவ்வளவு நேரம் கிடக்கிறது என்று அதுவரை எனக்குத் தெரியாது.

"இன்னாடா, இன்னும் அங்கியே நின்னுக்கினு கீறியா?"

"இல்ல நைனா, போய்ட்டேன்."

"போனவன் உள்ள வா. முதுவு எட்டல."

போனேன். ஈர முதுகில் எலும்புகள் ஒவ்வொன்றாகக் கையில் தட்டுப்பட்டன. அவசரப்படாமல் தேய்த்தேன்.