சரோஜா இழுக்காத கயிறு

சரோஜாவின் பிழைப்பைக் கெடுத்தவன் நான்தான். தவறு செய்தவன் நான். அவள் பெயரைச் சொன்னவனும் நான்.

எண்பதுகளின் தொடக்கம். மலேசியாவில், ஈப்போ நகரில் ஜப்பானியர் நடத்திய தொலைக்காட்சித் தொழிற்சாலையில் நான் சூப்பர்வைசர். அதற்குமுன் எட்டு ஆண்டுகள் வெள்ளைக்காரர் கம்பெனியில் இருந்தவன். அங்கே ஏதாவது கெட்டுப்போனால் துரை கேட்பது ஒன்றே: யார் செய்தது? அகப்பட்டவன் மறுநாள் வாசலுக்கு வெளியே நிற்பான். அந்தப் பயம் என் எலும்பில் ஊறியிருந்தது...

ஜப்பானியரிடம் எல்லாமே வேறு. மேனேஜரும் எங்களைப் போலவே சாம்பல் நிறச் சட்டை அணிந்து, எங்கள் வரிசையில் நின்றே சோறு வாங்குவார். ஒவ்வொரு மேசைக்கு மேலும் ஒரு கயிறு தொங்கும். பிழையைக் கண்டால், நேற்றுச் சேர்ந்த பெண்கூட அதை இழுத்து மொத்த வேலையையும் நிறுத்தலாம். திட்டமாட்டார்கள்; நன்றி சொல்வார்கள். நம்புவீர்களா? நான் நம்பவில்லை!

சரோஜா பீடோர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வரும் பெண்; அதற்குமுன் அங்கே பால்மரம் வெட்டியவள். அன்று ஈயம் பற்றவைக்கும் இயந்திரத்தின் சூட்டை நான் குறைத்து வைத்துவிட்டேன்.

"அண்ணே, ஈயம் சரியா ஒட்டல லா. கயிறு இழுக்கவா?" என்று கேட்டாள்.

"சும்மா இரு. போவட்டும்" என்றேன். வேலை நின்றால் என் தவறு வெளியே வருமே!

பெட்டி பெட்டியாகச் சரக்கு திரும்பி வந்தது. ஏன் இப்படி நடந்தது என்றுதான் மேனேஜர் கேட்டார். யார் என்று கேட்கவே இல்லை. ஆனாலும் சொன்னேன், சரோஜா பார்த்தும் கயிற்றை இழுக்கவில்லை என்று. அவள் என்னையே பார்த்தாள். பிறகு தன் மேசைக்குத் திரும்பிப் போனாள்.

மறுநாள் காலைக் கூட்டத்தில், சரியாகப் பழக்காதது தன் குற்றம் என்று சொல்லி மேனேஜர் எங்கள் எல்லார் முன்னும் இடுப்பு வளையக் குனிந்தார். உண்மையைச் சொல்லியிருந்தால் என்னை யாரும் விரட்டியிருக்கமாட்டார்கள்... அப்போதுதான் புரிந்தது. புரிந்தும் பேசினேனா? இல்லை.

அவளையும் விரட்டவில்லை. மூலையில் உட்காரவைத்துக் காலிப் பெட்டிகளைத் துடைக்கவிட்டார்கள். தோழிகள் அவளோடு சாப்பிடுவதை நிறுத்தினார்கள். மூன்றாம் மாதம் தானாகவே நின்றுவிட்டாள். ஜப்பானியர்மேல் பழி போட எனக்கு ஆசைதான். ஆனால் செய்தது நான்!

சில ஆண்டுகள் கழித்துப் பீடோர் பஸ் நிலையத்தில் அவளைக் கண்டேன். மறுபடி தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போய்க்கொண்டிருந்தாள். கைகளில் ரப்பர்ப் பால் காய்ந்து கறுத்திருந்தது.

"அண்ணே, இப்ப வர்ற பிள்ளைங்களையாச்சும் கயிறு இழுக்க விடுங்க" என்றாள்.

தலையாட்டினேன். புதிய பெண்களுக்குக் கயிற்றைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பது அப்போது என் வேலை. சரோஜா என்றொருத்தி இழுக்காமல் விட்ட கதையைச் சொல்லித்தான் ஒவ்வொரு முறையும் தொடங்குவேன்... அவளைப் பார்த்துவிட்டு வந்த மறுநாளும் அப்படித்தான் தொடங்கினேன்.