சித்தப்பா திறந்த கண்கள்

சித்தப்பாவின் வாழைக்கொல்லையில் கிணறு தோண்டியபோது கிடைத்த சிலையை நினைத்தால், எனக்கு முதலில் ஞாபகம் வருவது அதன் இமைகள்தான். பாதி மூடியவை. அறுபதுகளின் தொடக்கம் அது. நான் ஸ்ரீரங்கத்தில் சித்தப்பா வீட்டில் தங்கி, திருச்சிக் கல்லூரியில் வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். கொள்ளிடக் கரை மண்ணைக் கழுவியதுமே புத்தர் என்று தெரிந்துவிட்டது. சுருள் சுருளான முடி, உச்சியில் தீச்சுடர், தோளைத் தொடும் காதுகள், மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கைகள், உள்ளங்கையில் சக்கரம்.

அக்கம்பக்கத்தார் அப்படிப் பார்க்கவில்லை. சுடரைக் கண்டு, கோபக்கார முனி என்றார்கள். இமைகளைக் கண்டு, செய்தவன் கண் திறக்காமலே விட்டுப்போயிருக்கிறான் என்றார்கள். சாமி சிலைக்குக் கண்ணைக் கடைசியில்தான் செதுக்குவார்கள்; அந்தச் சடங்கு நடக்கும்வரை அது வெறும் கல். கண் திறக்காத சாமியைக் கிளப்பி வைத்திருப்பது வீட்டுக்கு ஆகாது என்று யாரோ சொல்லிவைக்க, சித்தப்பா ஆடிப்போய்விட்டார். அவருடைய ஒரே மகளுக்கு, என் தங்கைக்கு, அப்போது பார்வை மங்கிக்கொண்டிருந்தது.

திருச்சிக்கு அவளை நான்தான் அழைத்துப்போனேன். கண்ணுக்குள் அழுத்தம் ஏறுகிறது, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும், தள்ளிப்போட்டால் போன பார்வை திரும்பாது என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்து நான் சொன்னதையெல்லாம் சித்தப்பா கேட்டுக்கொண்டார்.

"செய்யலாம்ப்பா. மொதல்ல சாமி கண்ணு தொறக்கட்டும். அதுக்கு முன்னாடி இவ கண்ணுல கத்தி வெச்சா தாங்குமா?"

"அது புத்தர் சித்தப்பா. தியானத்துல இருக்கார், அதான் கண்ணு அப்படி. தலையில இருக்குறது ஞானச்சுடர், கோவம் இல்ல."

"நீ படிச்சவன். பெத்தவன் நானு."

சித்தியிடம் மன்றாடினேன். அழுதாள், அவரை மீறவில்லை. ஆடி கழியட்டும் என்றார்கள். கழிந்ததும் கல்தச்சர் ஊரில் இல்லை. அவர் வந்தபோது கொள்ளிடத்தில் வெள்ளம். கொல்லைக்குள் கால்வைக்க முடியவில்லை. ஒவ்வொரு தடங்கலையும் முனியின் கோபமென்றே சித்தப்பா எடுத்துக்கொண்டார். தங்கையோ சுவரைத் தடவி நடக்கத் தொடங்கியிருந்தாள். வீட்டில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. ஒரு பாவமும் அறியாத அந்தக் கல்லின்மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

கடைசியில் ஒருநாள் காலை சடங்கு நடந்தது. திறக்கும் கண் முதலில் பார்ப்பதற்காக எதிரே கண்ணாடி வைத்து, பசுவையும் கன்றையும் நிறுத்தினார்கள். உளி இமைகளை வெட்டி, இரண்டு உருண்டை விழிகளைத் தோண்டியது. அத்தனை அமைதியான முகம், எதையோ கண்டு மிரண்ட முகமாகிவிட்டது. சித்தப்பா நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார். மறுநாளே தங்கையைத் திருச்சிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். "இவ்வளவு நாள் எங்கய்யா போனீங்க?" என்று மட்டும் கேட்டார்.

அதன்பின் சித்தப்பா கொல்லைப் பக்கமே போகவில்லை. அவர் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. கொல்லை முழுக்க இப்போது வீடுகள். நடுவே ஒரு வேப்பமரத்தடியில் சிலை மட்டும் எண்ணெய்ப் பிசுக்கோடு முழித்துக்கொண்டிருக்கிறது. போன தையில், தங்கை கேட்டாளே என்று அங்கே அழைத்துப்போனேன். அப்பாவை இதுவரை ஒரு வார்த்தை குறை சொல்லாதவள் அவள். விரல்களால் அந்த முகத்தை மெல்லத் தடவி, விழிகளின் மேல் நிறுத்தினாள்.

"இதுக்காவது தெரியுதாண்ணே?" என்று கேட்டாள்.