பிராக்கெட் அக்கா அமுக்காத பட்டன்

பள்ளிக் கணக்குப் பாடத்தில் இரண்டு முறை கோட்டை விட்டவர் எங்கள் அலுவலகத்தில் ஒருவர்தான். நிறுவனத்தின் இணையக் கையேட்டில் உள்ள அத்தனை சமன்பாடுகளும் அவர் கையால் ஏறியவை. பெயர் பிராக்கெட் அக்கா.

நீர் சுத்திகரிப்பு இயந்திரங்களுக்கான கையேடு அது. பொறியாளர்கள் தாளில் கிறுக்கித் தருவதைத் திரையில் ஒழுங்காக நிற்கும்படி தட்டுவது அக்காவின் வேலை. பொருள் தெரியாது, முகம் தெரியும். “அடுக்குல மேல உட்கார வேண்டியவங்களை எல்லாம் ஒரே நெளி பிராக்கெட்டுக்குள்ள போட்டு ஏத்தணும். இல்லேன்னா முதல் ஆள் மட்டும் மாடிக்குப் போவாரு, மத்தவங்க கீழேயே நிப்பாங்க” என்பார்.

ஆறு வருடத் தற்காலிக வேலை அந்த வாரம் நிரந்தரமாவதாக இருந்தது. கடிதம் மேலாளரின் கையெழுத்துக்குக் காத்திருந்தது. “இந்த வாரமாவது யார்கிட்டயும் மல்லுக்கு நிக்காதே” என்று சொல்லித்தான் கணவர் அனுப்பியிருந்தார்.

அன்று பார்த்து, தண்ணீரில் குளோரின் குறையும் வேகத்துக்கான சூத்திரத்தை மூத்த பொறியாளர் தானே தட்டிவிட்டார். இதில் என்ன பெரிய வித்தை என்பது அவர் எண்ணம். வெளியிடும் பட்டனை அமுக்குவது மட்டும் அக்காவின் பொறுப்பு.

“சார், மைனஸ் மட்டும் மேல போயிருக்கு. கே, டி எழுத்து ரெண்டும் கீழ நிக்குது.”

“நீங்க எதுல பெயிலும்மா?”

“கணக்குல சார். ரெண்டு தடவை.”

மேலாளர் எட்டிப் பார்த்தார். “நாலு மணிக்குள்ள இந்தப் பக்கம் வெளியாகணும்மா. சார் போட்டா சரியாத்தான் இருக்கும், அமுக்குங்க.”

அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டார். “நீங்களே அமுக்குங்க சார். என் பேர்ல வேணாம்.”

கையெழுத்துப் போட வேண்டியவரிடமே இப்படிச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும்.

அக்காவின் வாயை அடைக்கும் எண்ணத்தில் பொறியாளர் தன் தாளை எடுத்துத் திரையருகே பிடித்தார். தாளில் மூன்று பேரும் மேலே இருந்தார்கள். தாளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“கம்ப்யூட்டர் ஒழுங்காக் காட்டல” என்றார்.

“ஆமா சார்” என்ற அக்கா, இரண்டு நெளி பிராக்கெட்டுகளைத் தட்டினார். கே, டி இரண்டும் மாடியேறின.

மறுநாள் கடிதம் கைக்கு வந்தது. பதவி: கணித உள்ளடக்க வல்லுநர். கோப்புக்காகக் கேட்ட மதிப்பெண் பட்டியலைப் பார்த்த மேலாளர், நாசூக்காக அதை அடியில் செருகப் போனார்.

“மேலேயே இருக்கட்டும் சார்” என்று அக்கா இன்னொன்றையும் நீட்டினார். “ரெண்டாவது தடவையோடது. சேர்த்து ஒரே கிளிப்புல போடுங்க. தனியா விட்டா ஒண்ணு கீழ விழுந்துடும்.”