விசிலுக்குப் பிறகு

நான் கண்டேன். கண்டதை வெட்டி எறிந்தேன். பிறகு, அந்தப் பிள்ளையிடம் ஒரு குறையும் இல்லை என்று என் பெயரைப் போட்டு எழுதிக் கொடுத்தேன்.

நான் செய்தது இதுதான். முதலிலேயே சொல்லிவிட்டேன். இனிச் சொல்லப்போவதெல்லாம் இதைச் சின்னதாக்கிக் காட்டும் முயற்சி என்று உங்களுக்குத் தோன்றினால், அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கும் சில வேளை அப்படித்தான் தோன்றுகிறது.

என் வேலை என்ன என்று முதலில் சொல்ல வேண்டும். அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று ஒன்று ஆடுகிறார்கள் அல்லவா... முட்டை வடிவப் பந்து, தலைக்கவசம், தோளில் பொதி மாதிரிக் கவசம்! அதில் ரன்னிங் பேக் என்று ஒருவன் உண்டு. பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எதிரே நிற்கிற ஆட்களுக்கு நடுவே சந்து பார்த்து ஓடுகிறவன். கல்லூரிகளில் இப்படி ஓடும் இளைஞர்களைத் தொழில்முறை அணிகள் வருடத்துக்கு ஒருமுறை, முறை வைத்துத் தெரிவு செய்யும். டிராஃப்ட் என்பார்கள். யார் தேறுவான், யார் தேறமாட்டான் என்று அதற்கு முன்பே பார்த்துச் சொல்ல ஆட்கள் வேண்டும். அந்த ஆட்களில் நானும் ஒருவன்.

சுவிட்சர்லாந்தில், சோலோதுர்ன் என்ற ஊரில், ஒரு பேக்கரிக்கு மேலே எங்கள் அலுவலகம். உர்ஸ் என்ற சுவிஸ்காரர் முதலாளி. நானும் இன்னும் இரண்டு பேரும் அவரிடம் வேலை. அமெரிக்காவில் சனிக்கிழமை ஆட்டம் முடிந்து அவர்கள் உறங்கும்போது எங்களுக்கு விடிந்துவிடும். அவர்கள் எழும்புவதற்குள் படத்தை வெட்டித் தொகுத்து அனுப்பிவிடுவோம். இப்படியொரு வேலை இந்த ஊருக்கு வந்த காரணம் அவ்வளவுதான்.

லுசேர்ணில் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தவன் நான். மாலை வகுப்பில் வீடியோ தொகுக்கப் படித்து இங்கே வந்து சேர்ந்தேன். வெட்டுவது என் வேலை. பந்து கைமாறும் நொடியிலிருந்து நடுவர் விசில் ஊதும் நொடி வரை வைத்துக்கொள்ள வேண்டும். விசிலுக்குப் பிறகு எழும்புவது, புல்லைத் தட்டுவது, தண்ணீர் குடிப்பது... எல்லாம் குப்பை.

ஆனால் உர்ஸ் ஒரு விதி வைத்திருந்தார். விழுந்தவன் எழும்பும் விதத்தில் வித்தியாசம் ஏதும் தெரிந்தால் அதை வெட்டக் கூடாது. குறியிட்டு அனுப்ப வேண்டும். அணியின் வைத்தியர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இந்த ஒரு விதியைத்தான் நான் மீறினேன்.

அந்தப் பிள்ளையின் பெயரை இங்கே எழுத மாட்டேன். எங்கள் வீட்டில் அவனுக்குத் தம்பி என்றே பெயர் விழுந்துவிட்டது. பெரிய அணிகளின் ஆட்கள் எட்டியும் பார்க்காத ஒரு சின்னக் கல்லூரியில் ஆடினான். எதிரணிக்காரன் ஒருவனைப் பார்க்கத்தான் அந்தப் படத்தைத் திறந்தேன். அவனை மறந்துவிட்டு, அன்று முழுக்க இவனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேகத்தை யார் வேண்டுமானாலும் அளக்கலாம், கடிகாரம் போதும். நான் தேடுவது வேறு. சந்து திறக்கும்வரை இவனுக்குப் பொறுக்கத் தெரிகிறதா? திறந்ததும் ஒரே எட்டில் திரும்புகிறானா, குழம்பி நின்று காலை மாற்றுகிறானா? இடி வாங்கிய பிறகும் கால் நிலத்தில் பாவுகிறதா? தனக்குப் பந்து வராத நேரத்தில், கூட்டாளிக்காகப் போய் இடி வாங்குகிறானா? தம்பி எல்லாவற்றையும் செய்தான். தேர்த்திருவிழா அன்று, கோயில் கூட்டத்துக்குள் சோற்றுத் தட்டை ஏந்திக்கொண்டு ஒரு பருக்கை சிந்தாமல் போய்வருகிற ஆட்கள் சிலர் உண்டு அல்லவா... அந்த மாதிரி!

உர்ஸிடம் காட்டினேன். பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“நீ என்ன நினைக்கிறாய்?” என்று கேட்டார். “இவனைப் பற்றி நீயே எழுது.”

இது உங்களுக்குப் பெரிய விஷயமாகத் தெரியாது. இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து என்னிடம் கழுவு என்றார்கள், தூக்கு என்றார்கள், வெட்டு என்றார்கள். நீ என்ன நினைக்கிறாய் என்று ஒருவரும் கேட்டதில்லை. மதிப்பீடு எழுதுவது மற்ற இருவருடைய வேலை. நான் வெட்டிக் கொடுப்பவன். அன்று முதல் நானும் எழுதுகிறவன் ஆனேன். அந்தப் பெருமை என் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

வெள்ளிக்கிழமை பேர்ன் நகரத்துத் தமிழ்க் கோயிலுக்குப் போய் அங்கேயும் பீற்றிக்கொண்டேன்.

“உது என்ன விளையாட்டண்ணை? ஆளை ஆள் இடிச்சு விழுத்துறதோ?” என்று அங்கே தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த ரவி கேட்டான்.

“இடிக்கிறவன் வேற. என்ர பெடியன் இடிபடாமல் ஓடுறவன்” என்றேன்.

என்ர பெடியன்! அவனோ என்னை ஒருநாளும் கண்டதில்லை.

பிறகு அந்த ஆட்டம் வந்தது. பருவத்தின் கடைசி ஆட்டம். தம்பி சந்துக்குள் நுழைந்தபோது இரண்டு பக்கமிருந்தும் இரண்டு பேர் வந்து மோதினார்கள். அவனுடைய தலை பின்னுக்குப் போய் நிலத்தில் அடித்தது. விசில். உடனே எழும்பினான். எப்போதும் உடனே எழும்புகிறவன்தான்.

எழும்பி, எதிரணி கூடி நின்ற பக்கம் நடந்தான்.

தன் வீட்டுக்குப் போகிறவன் மாதிரி, அவ்வளவு நிதானமாக நடந்தான். ஒரு கூட்டாளி ஓடிவந்து, சட்டையைப் பிடித்து அவனைத் திருப்பிவிட்டான். திரும்பிய பிறகு தம்பி அந்தக் கூட்டாளியின் சட்டையைப் பிடித்துக்கொண்டான். தன் அணி நிற்கும் இடம்வரை விடவில்லை. இருட்டில் சுவரைத் தடவிப் போகிறவனைப் போலப் போனான்.

தொலைக்காட்சிப் படத்தில் இது இல்லை. அவர்களுடைய கமெரா அந்நேரம் பார்வையாளர்களைக் காட்டிக்கொண்டிருந்தது. மைதானம் முழுவதையும் உயரத்திலிருந்து எடுக்கும் படம் ஒன்று எங்களுக்கு வரும். அதில்தான், ஓரத்தில், சின்னதாக இருந்தது. திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். கீழே பேக்கரியில் பாண் வாசம் வந்துகொண்டிருந்தது. உர்ஸ் இன்னும் வரவில்லை.

குறியிட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். தலைக்குள் படம் எடுப்பார்கள், சோதிப்பார்கள். தலையில் அடிபட்டவன் என்று பெயர் வந்துவிடும். சின்னக் கல்லூரிப் பிள்ளை வேறு... ஒருவரும் தொட மாட்டார்கள். அவனுடைய வாழ்க்கை போய்விடுமே என்றுதான் யோசித்தேன் என்று இவ்வளவு காலமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். பொய்! நான் யோசித்தது என் முதலாவது மதிப்பீட்டை. என் கண்டுபிடிப்பு பழுது என்று உர்ஸிடம் நானே போய்ச் சொல்வதா?

விசிலில் வெட்டினேன். விசிலில் வெட்டத்தானே சம்பளம்!

அது போதாதென்று எழுதவும் செய்தேன்: ‘எவ்வளவு பலமான அடி பட்டாலும் உடனே எழும்பிவிடுவான்.’ அந்த வரியில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

சில வாரங்கள் கழித்துத் தம்பியோடு வீடியோவில் நேர்காணல். உர்ஸ் அலுவலகத்திலிருந்தும் நான் வீட்டிலிருந்தும் பேசினோம். நல்ல பிள்ளை, வாய்க்கு வாய் ‘சார்’ போட்டான்.

“எங்கேயிருந்து பேசுகிறீர்கள், சார்?” என்று என்னைக் கேட்டான்.

“சுவிட்சர்லாந்து” என்றேன். அங்கே சொக்லேட் நன்றாக இருக்குமாமே என்று சிரித்தான். நாங்களும் சிரித்தோம். அவனுடைய அம்மாவைப் பற்றி, பயிற்சியைப் பற்றிக் கதைத்தோம். கொஞ்சம் கழித்து, அதே சிரித்த முகத்தோடு கேட்டான்.

“சார், நீங்கள் எங்கேயிருந்து பேசுகிறீர்கள்?”

உர்ஸ் அந்த நேரம் வேறொரு தொலைபேசியை எடுத்துக்கொண்டிருந்தார். நான் முந்திக்கொண்டு, “சொக்லேட் நாட்டிலிருந்து!” என்றேன். பகிடி மாதிரிப் போயிற்று.

என் மனைவி நளினி தேநீர்க் கோப்பையோடு பக்கத்தில் நின்றிருந்தாள். அவளுக்கு அந்த விளையாட்டில் ஒரு மண்ணும் விளங்காது.

“அவன் இதை முதலும் கேட்டவனெல்லோ?” என்றாள்.

“லைன் சரியில்லைப் போல. வடிவாக் கேட்டிருக்காது.”

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கோப்பையை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

நேர்காணல் முடிந்ததும் உர்ஸ் கேட்டார்: “குறை ஏதும் உண்டா?”

“இல்லை” என்றேன். அதையே மதிப்பீட்டின் கீழே என் பெயரைப் போட்டு எழுதியும் கொடுத்தேன்.

அவனைத் தெரிவு செய்தார்கள். கடைசிச் சுற்றில்தான் என்றாலும் தெரிவு தெரிவுதானே. தாய் அவனைக் கட்டிப்பிடித்து அழுததை இங்கிருந்து பார்த்தேன். அந்த அணியின் ஆள் ஒருவர் உர்ஸை அழைத்து, உடனே எழும்புவான் என்ற வரிதான் தங்கள் கண்ணைப் பிடித்தது என்றாராம். நளினி வடை சுட்டுத் தந்தாள். நான் அதை அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தம்பிக்கு வாழ்த்து அனுப்பினேன். ‘என்னை முதலில் கண்டவர் நீங்கள்தான், நன்றி சார்’ என்று பதில் போட்டான்.

அந்தக் கோடையில், பயிற்சியில், ஒரு சாதாரண மோதல். விழுந்தவன் உடனே எழும்பினான். சில எட்டு நடந்தான். பிறகு, பாய் விரித்துப் படுப்பவன் மாதிரி, தானாகவே புல்லில் படுத்துவிட்டான்.

மூளைக்குள் இரத்தக் கசிவு. ஏற்கெனவே அடிபட்டு ஆறாதிருந்த இடத்தில் மறுபடி அடி என்றார்கள். மண்டையைத் திறந்து உயிரைக் காப்பாற்றினார்கள். நடக்கிறான், சாப்பிடுகிறான், சிரிக்கிறான். ஆனால் புதிதாக எதுவும் மனதில் நிற்பதில்லை. காலையில் நடந்தது பகலுக்குள் போய்விடும்.

அவனுடைய தாய் ஒரு தொலைக்காட்சிச் செய்தியில் கேட்டார்: “இதற்கு முன்பும் அடிபட்டிருக்கிறான் என்கிறார்களே... ஒருவருமே காணவில்லையா?”

ஒருவருமே காணவில்லையா! இந்த உலகத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த ஆளான நான், சோலோதுர்னில் ஒரு மூன்றாம் மாடியில், சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்திருந்தேன்.

பல மாதம் கழித்து ஒரு ஞாயிறு மாலை என் கைத்தொலைபேசி அடித்தது. தம்பி.

“சார், உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று கனநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். என்னை முதலில் கண்டவர் நீங்கள்தானே. எங்கேயிருந்து பேசுகிறீர்கள்?”

சொன்னேன். சொக்லேட் பற்றிச் சொல்லிச் சிரித்தான். அடுத்த ஞாயிறும் அழைத்தான். கனநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன், சார் என்றான். அதற்கடுத்த ஞாயிறும்... விபத்துக்கு முந்தியது எல்லாம் அவனுக்கு நினைவிருக்கிறது. என் பெயர் நினைவிருக்கிறது. எனக்கு நன்றி சொல்லிவிட்டான் என்பது மட்டும் நிற்கவில்லை.

தாங்க முடியாமல் ஒருநாள் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும்... அவன் தவறான பக்கம் நடந்தது, சட்டையைப் பிடித்துப் போனது, நான் வெட்டியது. அவன் முதலில் கேட்டது ஒன்றுதான்.

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“இல்லை.”

“அம்மாவுக்குச் சொல்லுங்கள், சார். தன்னுடைய பிழை என்று நினைத்து அழுகிறார். நீங்கள் சொல்லுங்கள்.”

“சொல்கிறேன்” என்றேன். வாக்குக் கொடுத்தேன்.

தொலைபேசியை வைத்தபோது உடம்பு லேசாகிப் போயிருந்தது. சொல்லிவிட்டேன், சொல்லவேண்டியவனிடமே சொல்லிவிட்டேன்! வாசலில் நளினி நின்றாள். அழைப்பு முழுவதையும் கேட்டிருக்கிறாள்.

“ஆருக்குச் சொல்லியிருக்கிறீங்கள்?” என்றாள். குரல்கூட உயரவில்லை. “நாளைக்கு மறக்கிற பிள்ளைக்கு. அதின்ர தாய் மறக்க மாட்டா.”

நான் ஏன் அந்த நேரத்தில் சொன்னேன்? ஞாயிறு காலை அங்கே தாய் தேவாலயத்துக்குப் போயிருப்பார், எனக்குத் தெரியும். ‘அம்மா பக்கத்தில் இருக்கிறாரா?’ என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறந்தேன். சொன்னது நிற்காது என்று தெரிந்த இடம் பார்த்துச் சொன்னேன். முதலாவது குற்றத்துக்காவது அவசரம், பெருமை என்று ஏதாவது சொல்லலாம். இதற்கு என்ன சொல்வேன்?

அடுத்த ஞாயிறு மாலை தொலைபேசி அடித்தது.

“சார், உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று கனநாளாக...”

அம்மாவிடம் சொல்லுங்கள் என்று கேட்டவன் அதை மறந்துவிட்டான். அவன் அப்படிக் கேட்டது எனக்கு மட்டும்தான் நினைவிருக்கிறது. நளினியும் அந்தப் பேச்சைத் திரும்ப எடுக்கவில்லை. ஞாயிறுகளில் தொலைபேசி அடித்தால் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள்.

போன ஞாயிறும் அதே நேரத்தில் அடித்தது. எடுத்தேன். ஒரு பெண்குரல்.

“நான் அவனுடைய அம்மா” என்றார். “அவனுக்குக் காய்ச்சல், தூங்குகிறான். அதனால் நானும் தேவாலயத்துக்குப் போகவில்லை. உங்களோடு பேச வேண்டும் என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தான், அதுதான் நானே அழைத்தேன். அவனுடைய சிநேகிதர்கள் எல்லாரும் களைத்துப் போய்விட்டார்கள், ஐயா. இப்போது ஒருவரும் எடுப்பதில்லை. நான் தேவாலயத்துக்குப் புறப்படும்போது சில நாள் காதில் விழுந்திருக்கிறது, நீங்கள் மட்டும் ஒவ்வொரு முறையும் முதல் தடவை கேட்பது போலப் பதில் சொல்கிறீர்கள்.”

குசினிக்குள் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. நளினி குழாயை மூடிவிட்டாள். கதவு மெல்லத் திறந்தது.

“அவன் எழும்பினால் ஏதாவது சொல்ல வேண்டுமா?” என்று அந்தத் தாய் கேட்டார்.

இதைவிட நல்ல வாசல் ஒன்று எனக்கு இனித் திறக்குமா? சந்து திறக்கும்வரை பொறுப்பவனா, திறந்ததும் பாய்பவனா என்று ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் மதிப்புப் போட்டவன் நான்...

“சுவிட்சர்லாந்து என்று சொல்லுங்கள்” என்றேன். “அவன் கேட்பான்.”

அவர் சிரித்தார். பிறகு, அவரும் எனக்கு நன்றி சொன்னார்.