அரை மார்க்கும் ஏ.டி.எம். கார்டும்

ரஞ்சிதாவுக்கு இங்கிலீஷ் வராது என்று யாரும் சொல்லிவிட முடியாது. விராலிமலையில் அவள் வேலை பார்க்கும் தனியார் ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவு வார்டு அவள் பொறுப்பு. காலையில் டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது எந்தக் கட்டிலுக்கு என்ன மருந்து, யாருக்குக் காய்ச்சல் ஏறியது, யார் வலி தாங்காமல் கத்தினார்கள் என்று இங்கிலீஷில் மளமளவென்று ஒப்பிப்பாள். ஆனால் லண்டனில் நர்ஸ் வேலைக்குப் போக ஒரு தேர்வு எழுத வேண்டியிருந்தது. அதில் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசும் பகுதிக்கு ஒன்பதுக்கு ஏழு மார்க் வேண்டும். இரண்டு தடவை போனாள். இரண்டு தடவையும் ஆறரை.

மற்ற பகுதிகளில் எல்லாம் தேறிவிட்டு, இந்த அரை மார்க்கில் இடறுவதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. சுத்தமாகத் தோற்றிருந்தால்கூட அழுது முடித்திருப்பாள். ஒவ்வொரு தடவையும் கட்டணம் ஒரு மாதச் சம்பளத்தை அப்படியே முழுங்கியது.

திருச்சியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் வகுப்பு எடுக்கும் அரவிந்த்குமார் சார்தான் கோளாறைக் கண்டுபிடித்தார்.

"நோயாளி, மருந்துன்னா நல்லாப் பேசுறீங்க. பணத்தைப் பத்திக் கேட்டா மட்டும் வாய் கட்டிப்போகுது. ரெண்டு தடவையும் அங்கதான் மாட்டியிருக்கீங்க. பணத்துக்குன்னு இருக்கிற இடியம், அதான் மரபுத்தொடர், எல்லாத்தையும் உருப்போடுங்க. நாலு இடியம் விழுந்தா அரை மார்க் தானா வரும்."

உருப்போட்டாள். 'மேக் எண்ட்ஸ் மீட்' என்றால் வருகிற காசை வைத்து வாய்க்கும் வயிற்றுக்கும் சரிக்கட்டுவது. 'டைட்டன் யுவர் பெல்ட்' என்றால் செலவைச் சுருக்குவது. நாம் யானை விலை, குதிரை விலை என்பதை வெள்ளைக்காரர்கள் ஒரு கை, ஒரு கால் விலை என்கிறார்கள். 'ஆன் ஆர்ம் அண்ட் எ லெக்' என்று சொல்லிப் பார்க்கும்போதெல்லாம் ரஞ்சிதாவுக்கு நாக்குக் கூசியது. வார்டில் சர்க்கரைப் புண்ணுக்குக் காலை எடுத்துவிட்டு, இல்லாத காலில் அரிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார் ஒருவர். அவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு இதை எப்படி முணுமுணுப்பது?

'சேவ் ஃபார் எ ரெய்னி டே', அதாவது மழை நாளுக்கென்று சேர்த்து வைப்பது என்பதில்தான் அவள் மல்லுக்கு நின்றாள்.

"மழை நாளுன்னா கஷ்ட காலமா சார்? எங்க பக்கம் மழை பெஞ்சாத்தான் கண்மாய் நெறையும், நாலு காசு பாக்கலாம். மழை வராததுதானே கஷ்டம்?"

"அதை வெள்ளைக்காரன்கிட்ட போய்க் கேளுங்க. இப்ப நமக்கு மார்க்குதான் முக்கியம். மனப்பாடம் பண்ணுங்க."

வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்துவைத்தாள். கொடும்பாளூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, உள்ளே தள்ளியிருந்த தன் ஊருக்கு நடந்தபோது எரிச்சல்தான் மிஞ்சியது. காசைப் பற்றிப் பேச ஊரான் பட்ட கஷ்டத்தையெல்லாம் நாம் எதற்கு மனப்பாடம் பண்ண வேண்டும் என்று தோன்றியது. ஆனாலும் பண்ணினாள். மிச்சம் பிடித்து லேப்டாப் வாங்கியதாக ஒரு கதையையும் ஜோடித்து, இடியங்களை அதில் அங்கங்கே செருகி வைத்துக்கொண்டாள்.

மூன்றாவது தேர்வில், எதிரே இருந்த அம்மாள் கனிவாகத்தான் கேட்டாள்: உன் சொந்தப் பணத்தில் நீ வாங்கிய ஒரு பொருளைப் பற்றிச் சொல். கேட்ட மாத்திரத்தில் ரஞ்சிதாவுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. லேப்டாப் கதையை அவிழ்த்துவிட்டாள். பெல்ட்டை இறுக்கினாள், மழை நாளைச் சொன்னாள், கையையும் காலையும்கூடச் சொல்லிவிட்டாள். அந்த அம்மாள் தலையாட்டிக் கேட்டுவிட்டு, கதையில் இல்லாத ஒன்றைக் கேட்டாள்.

"சம்பளம் வந்ததும் எதற்கு எவ்வளவு என்று எப்படி முடிவு செய்வாய்?"

ரஞ்சிதாவுக்குத் தெரியாது. வார்த்தை தெரியாததால் அல்ல. வேலையில் சேர்ந்த வாரமே, "ஒனக்கு எதுக்கும்மா பேங்குக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைச்சல்" என்று அப்பா தங்கமுத்து ஏ.டி.எம். கார்டை வாங்கி வைத்துக்கொண்டார். மாதம் பிறந்தால் அவரே போய் எடுத்து வருவார். எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று அவள் கேட்டதும் இல்லை, அவர் சொன்னதும் இல்லை.

"மை ஃபாதர் நோஸ்," என்றாள்.

"அண்ட் யூ?"

அதற்குமேல் ஒரு வாக்கியம் உருப்படியாக அமையவில்லை. இருக்கிறது என்பதும் இருந்தது என்பதும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

முடிவு வந்தது. ஆறரை.

அன்று சாயங்காலம் தங்கமுத்து வயலிலிருந்து வந்து கால் கழுவும்வரை காத்திருந்து, "அப்பா, அந்தக் கார்டு எனக்கு வேணும்ப்பா," என்றாள்.

"எதுக்கும்மா? எவ்வளவு வேணும்னு சொல்லு, காலைல எடுத்துட்டு வாரேன்."

"பணம் வேணாம்ப்பா. கார்டு வேணும்."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "ஒனக்கு என்னைக்காச்சும் கொறை வச்சிருக்கேனா?"

வைக்கவில்லைதான். அவர் குடிப்பவர் அல்ல, சீட்டாடுபவர் அல்ல. அக்கா காவ்யாவின் கல்யாணக் கடன், தம்பி விக்ரமின் காலேஜ், கிணறு வற்றியதும் போட்ட போர் என்று எல்லாம் அவள் கண்ணெதிரே நடந்தவை. கேட்டு இல்லை என்று சொன்னதில்லை. ஆனால் கேட்க வேண்டும். செருப்புக்கும் கேட்க வேண்டும், நாப்கினுக்கு அம்மா வழியாகக் கேட்க வேண்டும். இதை எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தமிழிலும் விளங்கவில்லை.

"கொறை இல்லப்பா. ஒவ்வொண்ணுக்கும் கேக்க வேண்டியிருக்கு."

"அப்பங்கிட்ட கேக்குறது அம்புட்டுக் கேவலமாப் போச்சா?"

அடுப்படியிலிருந்து அம்மா அழகம்மாள் வந்தாள். "சீமைக்குப் போகல, அதுக்குள்ள கணக்குக் கேக்குறா பாருங்க."

"கணக்கு கேக்கலம்மா," என்று ரஞ்சிதா ஆரம்பித்தாள். அழுகை வந்துவிட்டது. அழுததற்காகத் தன்மேலேயே ஆத்திரமும் வந்தது. தங்கமுத்து சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்து டி.வி. மேல் வைத்துவிட்டு வெளியே போனார். அதன் பிறகு அவளோடு அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கார்டு கைக்கு வந்தும் பிரயோசனம் இல்லை. ரகசிய எண் தெரியாது. அதை மாற்றப் போனால் ஓ.டி.பி. அப்பாவின் போனுக்குப் போகிறது. அவரிடம் கேட்க மனம் ஒப்பாமல் பேங்குக்குப் போனாள். இன்றைக்குச் சர்வர் இல்லை என்றார்கள். மறுபடி லீவு சொல்லிவிட்டுப் போனாள். ஆதாரில் இருப்பதும் அப்பாவின் நம்பர், முதலில் அதை மாற்றிக்கொண்டு வாருங்கள் என்றார்கள். ஆறு வருஷமாக உழைத்துச் சம்பாதித்த காசுக்குத் தான்தான் சொந்தக்காரி என்று ஊர் ஊராக நிரூபித்துக்கொண்டு திரிய வேண்டியிருந்தது. கடைசியில் மெசேஜ் அவளுடைய போனுக்கே வந்தபோது, கணக்கில் இருந்தது அடுத்த தேர்வுக்குக்கூடக் காணாது. யாரும் ஏமாற்றவில்லை. எல்லாம் வீட்டுக்குத்தான் போயிருந்தது. அதனால் கோபப்படவும் ஆள் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு மாதா மாதம் வீட்டுக்கு இவ்வளவு என்று அவளே எடுத்து வந்தாள். அப்பாவிடம் நீட்டினால், "ஆத்தாகிட்ட குடு" என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். மிச்சத்தை ஒதுக்கி வைத்தாள். அப்படியும் நாலாவது தேர்வுக்குப் பணம் கட்ட மூன்று மாதம் ஓடி, பங்குனி வந்துவிட்டது.

இந்தத் தடவை இடியம் வேண்டாம் என்று அரவிந்த்குமார் சாரிடம் சொல்லிவிட்டாள். அவர் உதட்டைப் பிதுக்கினார். தேர்வில் வீட்டுச் செலவைப் பற்றித்தான் கேட்டார்கள். வீட்டுக்கு எவ்வளவு தருகிறேன், பஸ்ஸுக்கு எவ்வளவு போகிறது, அப்பாவுக்கு ஏன் வருத்தம் என்று எளிய வார்த்தைகளிலேயே சொன்னாள். நடுவில் தடுமாறினாள், திருத்திக்கொண்டாள்.

பேச்சில் ஏழு வந்தது. ஆனால் மூன்று தடவையும் தேறிய எழுத்துப் பகுதியில், இந்தத் தடவை ஐந்தரை. பழைய மார்க்கோடு சேர்த்துக்கொள்ள முடியாத அளவுக்குக் குறைவு; மறுபடி முழுத் தேர்வையும் எழுத வேண்டும்.

போனைக் கட்டிலில் எறிந்துவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். வாசலில் நின்ற தங்கமுத்து அவள் முகத்தைப் பார்த்தார். நாலு மாதத்துக்குப் பிறகு அவராகவே வாயைத் திறந்தார்.

"மறுபடி எவ்வளவும்மா கட்டணும்?"

"நான் கட்டிக்கிறேன்ப்பா."

"சும்மாதான் கேட்டேன்," என்றார். பிறகு வயலுக்கு விடும் மும்முனைக் கரண்டு வந்துவிட்டது என்று கிணற்று மோட்டார் போடப் போய்விட்டார்.

அவர் கேட்டதில் சந்தோஷப்படுவதா, அந்தப் பணத்தைச் சேர்க்க இன்னும் எத்தனை மாதம் ஆகும் என்று நினைத்து வெறுத்துப்போவதா என்று ரஞ்சிதாவுக்குத் தெரியவில்லை. மத்தியான ட்யூட்டிக்கு நேரமாகிவிட்டது. எழுந்து முகத்தைக் கழுவினாள்.