சாவித் துவாரத்தில் ஏழு சொட்டு எண்ணெய்

கடந்த நவம்பர் 19, பிற்பகல் 2.40 மணி, விடாத மழை. பாளையங்கோட்டையில் என் வீட்டு முன்கதவுக்கு உட்புறம், கையில் ரோஜா மாலையுடன் நின்றேன். ஐம்பத்திரண்டு வருட நண்பன் தேவசகாயத்தின் அடக்க ஆராதனை மூன்று மணிக்கு. பூட்டில் சாவி திரும்பவில்லை.

தவறு என்னுடையதுதான். சாவு வீட்டிலிருந்து அசுத்த ஆவி பின்னாலேயே வரும் என்று ஊழியக்காரர் ஒருவர் சொல்லியிருந்தார். அந்தப் பயத்தில் முந்தின நாள் அவன் முகம் பார்க்கவும் நான் போகவில்லை. அவர் தந்த ஜெப எண்ணெயைப் பதினொரு மாதமாகத் தினமும் சாவித் துவாரத்தில் ஏழு சொட்டு விட்டு வந்தேன். அது தூசியோடு சேர்ந்து பிசினாக இறுகிவிட்டது. பின்வாசலையோ திருடனுக்குப் பயந்து எப்போதோ செங்கல் வைத்து அடைத்துவிட்டேன். பதினாறு பேருக்குப் போன் செய்தேன். எல்லாரும் ஆலயத்தில் இருந்தார்கள், ஒருவரும் எடுக்கவில்லை.

பிறகு ஆலய மணி, இறந்தவரின் வயதில் வருடத்துக்கு ஒன்றாக அடித்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். எழுபத்தாறு.

அடக்கம் முடிந்தபின் போனைப் பார்த்த பக்கத்து வீட்டு ஜெயராஜ், 4.50க்குப் பூட்டு உடைக்க ஆளோடு வந்தார்.

"மழைக்குப் பயந்து வரலையோன்னுல்லா நெனச்சோம்" என்றார். எண்ணெய் விஷயத்தைச் சொன்னேன்.

"நல்லாருக்கு அண்ணாச்சி! பிசாசு உள்ள வந்துரக்கூடாதுன்னு பூட்டுனிய, சரி. சேக்காளிய வழியனுப்ப நீங்க வெளிய வரண்டாமா?"

இப்போது கதவருகே ஜெபம் மட்டும் செய்கிறேன், எண்ணெய் விடுவதில்லை. சாவுச் செய்தி கேட்டால் அன்றே போய் முகம் பார்த்துவிடுகிறேன்.

புதுப் பூட்டு 640, கூலி 250, மறுநாள் அவன் கல்லறையின் ஈர மண்மேல் வைத்த அந்த மாலை 180. ஆக மொத்தம் 1,070 ரூபாய்.